அப்பாவின் ஜிப்ஸிக்கு டர்போ: கம்ப்ரஷனை எவ்வளவு குறைப்பது?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36. அவரிடம் இருப்பது அப்பா விட்டுச்சென்ற 2008 மாடல் மாருதி ஜிப்ஸி, துணிக்கூரை போட்டது. வாரநாளில் ஓசூர் சாலை நெரிசலில் அலுவலகம் போகவும், மாதம் இருமுறை குடியாத்தம் பக்கத்தில் உள்ள மாமனார் தோப்புக்குப் போய் தேங்காய் மூட்டை ஏற்றி வரவும் அதைத்தான் ஓட்டுகிறார். பாதி ஜீப், பாதி பிக்கப். வி.கோட்டா, பேர்ணாம்பட்டு மலைப்பாதையில் பாரத்தோடு ஏறும்போது வண்டி இரண்டாம் கியரில் திணறுகிறது. அதனால் டர்போ (எஞ்சினின் புகையால் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் விசிறி) போட முடிவு செய்திருக்கிறார்.

மச்சான் சொன்ன திட்டம் இது: கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற விகிதத்தை, 9-இலிருந்து 7.5-க்கு இறக்குவது, அதற்கு இரண்டு ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகடு) ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது, சிவாஜிநகர் பழைய பாகச் சந்தையில் கிடைக்கும் டீசல் லாரி டர்போவை வாங்கிப் போட்டு 1 பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) ஏற்றுவது, 150 குதிரைசக்தி எடுப்பது. மொத்தச் செலவு மூன்றரை லட்சம். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. "அப்பா வண்டியைக் கெடுத்துவிடுவேனோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது, ஆனால் ஆசையை விட முடியவில்லை. எந்தக் கம்ப்ரஷன், எந்தப் பாகங்கள் என்று நீங்களே சொல்லுங்கள் ஐயா" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆசையில் தவறே இல்லை. அப்பா ஓட்டிய வண்டியை விற்காமல் வைத்துக்கொண்டு, அதை வேலைக்கும் பயன்படுத்துகிறீர்கள். அதைக் கேட்கவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் கடிதத்தில் இருக்கும் திட்டம் அந்த வண்டியை ஒரே கோடையில் நிறுத்திவிடும். அதைத் திருத்த முடியும். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்களில் இருந்து தொடங்குகிறேன்.

முதலாவது டயர். பழைய 205/70 டயரைக் கழற்றிவிட்டு 235/75 போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அளவைக் கணக்குப் போட்டால் சக்கரத்தின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டரிலிருந்து 733-க்குப் போயிருக்கிறது. கிட்டத்தட்ட 10 சதவீதம். எல்லாக் கியரும் அந்த அளவுக்குக் கனத்துவிட்டது என்று அர்த்தம். பெங்களூருவோ கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சுமார் 0.9 பார்தான். அதனால் டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சக்தியில் இன்னொரு 10 சதவீதம் போய்விடும். வி.கோட்டா பக்கத்துப் பீடபூமியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். மலையில் வண்டி திணறுவதில் பாதிப் பழி டயருக்கே உரியது. வேறு எதையும் தொடுவதற்கு முன் பழைய அளவு டயரைப் போட்டு ஒருமுறை அதே பாரத்தோடு அதே மலையை ஏறிப் பாருங்கள். அதன்பிறகும் ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

உங்கள் எஞ்சினின் உண்மையான எண் 9 இல்லை

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். 2016-இல் எஞ்சின் சூடேறி ஹெட்டை லேத்தில் சீவியதாகவும், 2019-இல் சிலிண்டரைக் கடைந்து 0.5 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போர் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தில் உள்ள 9:1 என்பது அன்றோடு முடிந்துவிட்டது.

கணக்கு எளிது. ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சினுக்கு போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5. ஒரு சிலிண்டர் இழுக்கும் கொள்ளளவு 324.7 சி.சி. கம்ப்ரஷன் 9 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 40.6 சி.சி. இப்போது போர் 74.5 ஆனதால் இழுக்கும் கொள்ளளவு 329 சி.சி. ஆகிவிட்டது. ஹெட்டில் கால் மில்லிமீட்டர் சீவியிருந்தால் மேலே உள்ள இடத்தில் சுமார் 1 சி.சி. குறைந்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் விகிதம் 9.3 பக்கம் வருகிறது. இரண்டு முறை சீவியிருந்தால் இன்னும் மேலே. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், டர்போ போட்டு உடைந்து என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் பலவற்றில் பிஸ்டனும் டர்போவும் நல்லவையாகத்தான் இருந்தன. தொடக்க எண்ணைத்தான் யாரும் அளக்கவில்லை.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வும் ஸ்பார்க் பிளக்கும் போட்ட நிலையில், சேம்பரின் (கலவை எரியும் குழியின்) விளிம்பில் வாசலின் தடவி, நடுவில் துளையிட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்ட வேண்டும். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விட்டு, குமிழி இல்லாமல் நிரம்ப எத்தனை சி.சி. போனது என்று குறிக்க வேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பிளாக்கின் முகத்துக்கு எவ்வளவு கீழே அல்லது மேலே நிற்கிறது என்று டயல் கேஜில் பார்க்க வேண்டும். கேஸ்கெட்டின் நசுங்கிய தடிமனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக. அரை நாள் வேலை. "அதெல்லாம் வேண்டாம், நான் பார்த்தாலே தெரியும்" என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு கேஸ்கெட் ஏன் கூடாது

கம்ப்ரஷனைக் குறைத்தால் நாக்கிங் (கலவை தானாகவே தாறுமாறாக வெடிப்பது) குறையும் என்பது சரி. எப்படிக் குறைக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம், அதைத்தான் உங்கள் மச்சான் விட்டுவிட்டார்.

பிஸ்டன் மேலே வரும்போது அதன் ஓரமும் ஹெட்டின் தட்டையான பகுதியும் மிக அருகில், சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் வந்து நிற்கும். அந்தக் கடைசி நொடியில் ஓரத்துக் கலவை பிதுக்கப்பட்டு நடுவில் ஸ்பார்க் பிளக் இருக்கும் இடத்துக்குப் பாயும். இதை ஸ்குவிஷ் என்பார்கள். கலவை நன்றாகக் கலங்குவதால் தீ வேகமாகப் பரவும். ஓரத்தில் மிஞ்சிய கொஞ்சக் கலவையும் இரண்டு உலோகச் சுவருக்கு நடுவே குளிர்ந்துவிடும். நாக்கிங் பிறப்பதே அந்த ஓரத்தில்தான். அதனால் இந்த இடைவெளிதான் உங்கள் எஞ்சினின் காவல்.

9.3-இலிருந்து 8.5-க்கு இறங்கவே ஒரு சிலிண்டருக்கு 4.3 சி.சி. கூடுதல் இடம் வேண்டும். அதைக் கேஸ்கெட்டால் மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் தடிமன் கூடும். ஸ்குவிஷ் இடைவெளி இரட்டிப்பாகும். காகிதத்தில் கம்ப்ரஷன் குறைந்திருக்கும், ஆனால் எஞ்சின் முன்பைவிடச் சீக்கிரம் நாக் அடிக்கத் தொடங்கலாம். 7.5 வரை போவதென்றால் இதைவிட இரண்டரை மடங்கு மோசம். இதுபோக, இரண்டு கேஸ்கெட்டுக்கு நடுவே அழுத்தம் கசிவதற்கு ஒரு புதுப் பாதையும் திறக்கிறோம். அந்த 4.3 சி.சி. பிஸ்டனின் தலையில் குழியாக வர வேண்டும். ஓரம் உயரமாகவே இருக்கும், நடு மட்டும் தாழும். உங்கள் பழைய வார்ப்புப் பிஸ்டனையே கடைந்து குழி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதன் தலைத் தடிமன் பூஸ்டுக்காகக் கணக்கிடப்பட்டதில்லை.

7.5 வேண்டாம், 8.5 போதும்

புதுக் கார்களில் 10 கம்ப்ரஷனிலேயே டர்போ வருகிறதே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் பல, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பீய்ச்சுகின்றன. பெட்ரோல் ஆவியாகும்போது கலவை குளிர்கிறது. நாக் சென்சார் ஒவ்வொரு வெடிப்பையும் கேட்டு இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கிறது. உங்கள் ஜிப்ஸி பெட்ரோலை வால்வுக்கு வெளியே, போர்ட்டில் தெளிக்கும் எஞ்சின். அந்த எண்ணை இங்கே கடன் வாங்க முடியாது.

எதிர்த்திசையில் 7.5 வரை போவதும் தவறு. டர்போ எழும்புவதற்கு முன்னால் எஞ்சின் தன் சொந்தக் கம்ப்ரஷனில்தான் ஓடுகிறது. சில்க் போர்டு சந்திப்பில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும் உங்கள் வண்டிக்கு நாளில் முக்கால்வாசி நேரம் அந்த நிலைதான். 9-இலிருந்து 7.5-க்கு இறங்கினால் ஏட்டுக் கணக்கிலேயே 5 சதவீதத்துக்கு மேல் திறன் போகிறது. பெட்ரோல் செலவு ஏறும், கீழ் இழுவை இன்னும் சோம்பலாகும். நீங்கள் தொடங்கியதே இழுவை இல்லை என்ற குறையில்தானே?

அளந்து பார்த்தபின் உங்களுக்கு இரண்டு வழி உண்டு. எண் 9 பக்கத்திலேயே இருந்து, எஞ்சினைப் பிரிக்க மனமில்லை என்றால், 0.3 பார் பூஸ்டோடு நிறுத்திக்கொள்ளலாம். எஞ்சின் எப்படியும் பிரிக்கப்படும் என்றால் குழிவான ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) பிஸ்டனைச் சொல்லி வாங்கி 8.5-க்கு வாருங்கள், ஸ்குவிஷ் 1 மில்லிமீட்டரில் இருக்கட்டும், பூஸ்ட் 0.4 பார். போர் போட்டு ஏழெட்டு வருடமாகிவிட்டதாலும் ஹெட் ஒருமுறை சூடேறியதாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். புதிதாக வந்த ஜிப்ஸி 80 குதிரைசக்தி. இங்கே உயரத்தில் அது 72 பக்கம். 0.4 பார் பூஸ்டில் சுமார் 95 முதல் 100 வரை எதிர்பார்க்கலாம். 150 வராது. ஆனால் மலையில் இரண்டாம் கியரில் திணறிய வண்டி மூன்றாம் கியரில் ஏறும்.

குடியாத்தத்து மே மாதத்துக்கு ட்யூன் செய்யுங்கள்

பெங்களூருவில் டர்போ வண்டி வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர் அடிபடுவது இந்த இடத்தில்தான். டிசம்பர் மாதம், 20 டிகிரி குளிரில், இங்கே ட்யூன் செய்வார்கள். வண்டி பட்டுப்போல ஓடும். மே மாதம் ஊருக்குப் போவார்கள்.

பூஸ்ட் மிஞ்சாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வுதான் வேஸ்ட்கேட். அதன் ஸ்பிரிங் வெளிக்காற்றுக்கு மேல் 0.4 பார் என்றுதான் அறியும். பெங்களூருவில் எஞ்சினுக்குள் போகும் மொத்த அழுத்தம் 1.3 பார். குடியாத்தத்தில் வெளிக்காற்றே 0.98 பார், எனவே மொத்தம் 1.38. நீங்கள் எதையும் திருகாமலே உள்ளே போகும் அழுத்தம் கூடிவிட்டது. வெப்பத்தையும் பாருங்கள். இங்கே 20 டிகிரிக் காற்று டர்போவைத் தாண்டும்போது சுமார் 70 டிகிரி ஆகிறது. அங்கே 42 டிகிரிக் காற்று 90-ஐத் தாண்டும். உங்கள் திட்டத்தில் உள்ள 1 பார் பூஸ்டில் அதே காற்று 150 டிகிரியைத் தொடும். பாரத்தோடு, மலை ஏறிக்கொண்டே, ஐந்து நிமிடம் விடாமல் மிதித்தால் எந்தப் பிஸ்டனும் அதற்குப் பொறுப்பேற்காது.

ஆகவே டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் டர்போ வேண்டாம். முகப்பில், நேர்க்காற்று படும் இடத்தில் வையுங்கள். ரேடியேட்டருக்கும் காற்று போக வழி இருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் எஞ்சின் ஏற்கெனவே ஒருமுறை சூடேறியது. இக்னிஷன் டைமிங்கை வெயில் நாளில், பாரத்தோடு, கீழ்ச்சமவெளியில் ஓட்டிச் சரிபார்த்தபின் இறுதி செய்யச் சொல்லுங்கள். இங்கே டைனோவில் (சக்தியை அளக்கும் கருவியில்) வந்த எண்ணைவிடச் சில குதிரைசக்தி குறைவாகத்தான் வரும். பரவாயில்லை.

பெட்ரோலுக்கும் இதே சிந்தனை வேண்டும். 100 ஆக்டேன் பெட்ரோல் நகரத்தில் சில பங்க்குகளில் கிடைக்கிறது. அதை நம்பி ட்யூன் செய்தால் பேர்ணாம்பட்டில் டேங்க் காலியாகும்போது என்ன செய்வீர்கள்? 95 ஆக்டேனை மேல்வரம்பாக வையுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது நாக்கிங்கைத் தடுக்க உதவும். ஆனால் அதே காற்றுக்கு முன்பைவிட 8, 9 சதவீதம் அதிக எரிபொருள் வேண்டும். 2008 வண்டியின் ரப்பர் குழாய்களும் இதற்காகச் செய்யப்பட்டவையல்ல. டேங்கிலிருந்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் வரை எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள். பூஸ்டில் வெடித்த பெட்ரோல் குழாய் சிவந்த டர்போவின்மேல் பட்டால் என்னவாகும் என்று நான் எழுத விரும்பவில்லை.

பாகங்கள்

டர்போ: லாரி டர்போவை மறந்துவிடுங்கள். அது பெரிய எஞ்சினின் மூச்சுக்குச் செய்தது. உங்கள் 1.3 லிட்டர் அதைச் சுழற்றுவதற்குள் மலை முடிந்துவிடும். அதோடு, டீசலின் புகை வெப்பத்தைவிடப் பெட்ரோலின் புகை வெப்பம் பல சமயம் 200 டிகிரி கூடுதல். 950 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். டீசலுக்கு வார்த்த டர்பைன் வீடு அதில் விரிசல் விடும். இறக்கை நகரும் வகை என்றால் இறுகிவிடும். 1.2 முதல் 1.4 லிட்டர் வரையுள்ள பெட்ரோல் எஞ்சினில் வந்த சிறிய டர்போவைத் தேடுங்கள். பழையது என்றால் தண்டை ஆட்டிப் பாருங்கள், இறக்கை வீட்டில் உரசக் கூடாது. ஆயில் திரும்பி வரும் குழாய் அகலமாக, சம்ப் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும். வளைத்து மேலே ஏற்றினால் சைலன்சரில் நீலப்புகை வரும்.

ரிங்: பலரும் விட்டுவிடும் சின்ன விஷயம். பூஸ்டில், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதிகம் சூடாகி நீளும். வாய் இடைவெளி போதாவிட்டால் இரண்டு நுனியும் முட்டி, பிஸ்டனின் ரிங் மேட்டைப் பெயர்த்து எடுக்கும். உங்கள் போருக்குச் சாதாரணமாக 0.30 மில்லிமீட்டர் என்றால், இப்போது மேல் ரிங்குக்கு 0.40 பக்கம் வேண்டும். பிஸ்டன் தயாரித்தவர் வேறு எண் கொடுத்தால் அதையே பின்பற்றுங்கள்.

இன்ஜெக்டரும் ஈசியூவும் (பெட்ரோலைப் பீய்ச்சும் குழலும் எஞ்சினின் கணினியும்): 100 குதிரைசக்திக்கு, எத்தனாலையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 200 முதல் 220 சி.சி. தர வேண்டும். உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பழைய மேப் சென்சார் வெளிக்காற்று அழுத்தம் வரைதான் படிக்கும். 2 பாருக்கு மேல் படிப்பது வேண்டும். தனி ஈசியூ, கலவையின் அளவைப் புகையில் பார்த்துச் சொல்லும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார், மொத்த அழுத்தம் 1.45 பாரைத் தாண்டினால் பெட்ரோலை நிறுத்தும் பாதுகாப்பு, இவை மூன்றையும் செலவு மிச்சம் பிடிக்கும் பட்டியலில் சேர்க்காதீர்கள். பணம் குறைந்தால் பளபளப்பான பைப்பிலும் புளோ ஆஃப் வால்வின் சத்தத்திலும் குறைத்துக்கொள்ளலாம்.

ஹெட் கேஸ்கெட் பல அடுக்கு எஃகு வகை, புது ஹெட் போல்ட், கிளட்ச். இவற்றைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிரேக்கைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ஜிப்ஸி உயரமான வண்டி, பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்), பின்னால் டிரம் பிரேக். தேங்காய் மூட்டையோடு அதே மலையில் இறங்கியும் ஆக வேண்டுமே. முன் டிஸ்க், பேட், பின் ஷூ, பிரேக் ஆயில் எல்லாம் புதிதாகும்வரை டர்போவைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

சட்டமும் வீட்டில் பேச வேண்டியதும்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் எஞ்சின் வேலை செய்பவன் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.யில் பதிவான விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ-இன்கீழ் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. "யாரும் பார்ப்பதில்லை" என்று உங்கள் மச்சான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வண்டி 15 வருடம் தாண்டியது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நின்றே ஆக வேண்டும். விபத்து நடந்தால் முதலில் பானட்டைத் திறந்து பார்ப்பவர் இன்சூரன்ஸ் சர்வேயர்தான். சொல்லாத மாற்றம் உங்கள் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்கக் காரணமாகும். பாகம் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேளுங்கள். அனுமதி கிடையாது என்று பதில் வந்தால், டயரும் நல்ல எஞ்சின் வேலையும் மட்டும் செய்து ஓட்டுவதுதான் சரி. அதுவே உங்களுக்கு எவ்வளவு திருப்பித் தரும் என்று மேலே பார்த்தோம்.

உங்கள் மனைவியின் தயக்கத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அவரும் குழந்தையும் அந்த வண்டியில்தான் குடியாத்தம் போகிறார்கள். மச்சானின் திட்டத்தைக் கேட்டு அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பிரேக், டயர், ஹோஸ், சட்டம் என்ற வரிசையில் இந்தப் புதுத் திட்டத்தை அவர் முன்னால் வையுங்கள். மூன்றரை லட்சத்தையும் ஒரே மாதத்தில் கொட்ட வேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள். முதல் கட்டம் டயரும் பிரேக்கும். இரண்டாவது, ஹெட்டைக் கழற்றி அளப்பது. அதற்குப் பிறகுதான் மற்றவை.

பிஸ்டனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கு சிலிண்டரின் சி.சி. எண்களையும், பிஸ்டன் உச்சியில் நிற்கும் உயரத்தையும், ஹெட்டின் தடிமனையும் எழுதி அனுப்புங்கள். குழி எத்தனை சி.சி. வேண்டும் என்று நானே கணக்கிட்டுத் தருகிறேன். நான்கில் ஏதாவது ஒன்று மற்றவற்றிலிருந்து 1 சி.சி.க்கு மேல் வேறுபட்டால் ஹெட் கோணலாகச் சீவப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் முதலில் வேறு ஹெட் தேட வேண்டியிருக்கும்.